கல்லின் பெயர் பிறகு தெரியட்டும்

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்றிரவு நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ரொம்பவும் களைத்திருந்தாய். எனக்கும் இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. லேபில் மேசை நிறையக் கற்களை அடுக்கி வைத்துப் பெயர் எழுதச் சொன்னார்கள், மற்றவர்கள் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், நீ பாதியை எழுதாமலே கொடுத்துவிட்டு வந்தாய். "எனக்கு ஜியாலஜி வராதும்மா, கெமிஸ்ட்ரிக்கு மாறிடவா?" என்று கேட்டாய். மாறுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். வராது என்று நீ சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இத்தனை வருஷம் இதே வேலையில் இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பெயரை முதலில் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு, பெயர் வாயில் வந்த கணத்திலேயே கண் வேலையை நிறுத்திவிடுகிறது. கிரானைட் என்று எழுதியதும் கையிலிருக்கும் கல் மறைந்து, புத்தகத்துக் கிரானைட் முன்னால் வந்து நிற்கும். நீ பெயர் எழுதாமல் விட்ட கற்களைப் பற்றி உன்னால் கல்லுக்கு ஐந்து வரி எழுதியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார். நிறம், படிகங்களின் அளவு, அடுக்கு இருக்கிறதா, கையில் வைத்தால் கனக்கிறதா, கத்தியால் கீறினால் கோடு விழுகிறதா? முடியும் என்றால் நீ போக வேண்டிய வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறாய். முடியாது என்றால் முதலில் பழக வேண்டியது அதுதான். அதற்குப் பொறுமை போதும். அது உன்னிடம் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது.

உன் டிரேயிலிருந்து ஒரு கிரானைட் துண்டை எடுத்துக்கொள். புதிதாக உடைந்த முகத்தைப் பார். காற்றும் மழையும் பட்டு நிறம் மாறிய வெளிப்பக்கத்தை நம்பாதே. கல்லை மேசையில் வைத்துவிட்டு லென்ஸோடு அதன்மேல் குனிகிறீர்களே, அது தப்பு. லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு கல்லைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுவா. 10 மடங்கு லென்ஸுக்கு இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் எல்லாம் சட்டென்று தெளிவாகும். வெளிச்சம் கல்லின்மேல் விழுகிற மாதிரி திரும்பி உட்கார்.

இப்போது கல்லை மெல்லத் திருப்பு. சில இடங்கள் ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். தட்டையான முகம் இருந்தால்தான் அப்படி மின்னும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து இப்படி மின்னுவது ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அதற்கு ஏறக்குறைய 90 டிகிரியில் வெட்டிக்கொள்ளும் இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு, உடையும்போது அந்தத் தளங்களிலேயே உடையும். எப்படித் திருப்பினாலும் தட்டையாக மின்னாமல், சாம்பல் நிறத்தில் கண்ணாடிப் பளபளப்போடு கிடப்பது குவார்ட்ஸ். அதற்குப் பிளவுத் தளம் கிடையாது, கோணல்மாணலாகத்தான் உடையும். கறுப்பாக இருப்பதை ஊசி முனையால் நெம்பு. ஏடு ஏடாக உரிந்து வந்தால் பயோடைட், அதாவது கறுப்பு மைக்கா. பிறகு கத்தியால் கீறிப் பார். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் ஸ்டீல் கத்தி சுமார் 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. இரண்டிலும் கீறல் விழாது. ஆனால் ஒரு கோடு தெரியும். கத்தியின் இரும்பு கல்லில் படிந்த கோடு அது. விரலால் தேய்த்தால் போய்விடும். தேய்த்துப் பார்க்காமல் 'கீறல் விழுகிறது' என்று எழுதுகிறவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அடுத்து ஓரங்களைப் பார். ஃபெல்ட்ஸ்பாருக்கு நேரான விளிம்புகள் பல இடத்தில் தெரியும். குவார்ட்ஸுக்குச் சொந்த உருவமே இருக்காது, மற்றவை விட்ட இடைவெளிகளில் போய் நிறைந்திருக்கும். அப்படியானால் ஃபெல்ட்ஸ்பார் முன்னால் படிகமானது, குவார்ட்ஸ் கடைசியில் வந்தது. படிகங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் வளர்ந்திருப்பதால், இந்தக் கல்லாக இறுகிய உருகிய பாறைக் குழம்பு மெதுவாக ஆறியிருக்கிறது, அதாவது பூமிக்குள் ஆழத்தில் ஆறியிருக்கிறது. இன்று அது உன் கையில் இருக்கிறது என்றால் அதன் தலைக்கு மேலே இருந்த பாறை அத்தனையும் அரித்துப் போயிருக்கிறது. இவ்வளவையும் பார்த்த பிறகு கிரானைட் என்று எழுது. அதற்குப் பத்து நிமிஷம் ஆனால் ஆகட்டும்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை போட்ட ஃபீல்டு நோட்டு, பென்சில். பேனா மை மழையில் கரைந்துவிடும். எழுதியதை ரப்பரால் அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுது, ஏனென்றால் அடித்த வரிதான் சரி என்று மூன்று நாள் கழித்துத் தெரியலாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், வரைபடத்தில் அந்த இடத்தின் எண் மூன்றும் இருக்கட்டும். பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடு. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. "இங்கே ஃபால்ட் (பாறை பிளந்து நகர்ந்த இடம்) இருக்கிறது" என்பது நினைத்தது. "மணற்கல் அடுக்கு இந்த இடத்தில் சட்டென்று முடிந்து ஷேல் (களிமண் இறுகிய கல்) ஆரம்பிக்கிறது. எல்லையில் ஒரு கையகலத்துக்குக் கல் நொறுங்கிக் கிடக்கிறது. வழுவழுப்பான ஒரு முகத்தில் ஒரே திசையில் வரிகள்" என்பது பார்த்தது. நினைத்தது நாளைக்கு மாறலாம். பார்த்ததை ஒழுங்காக எழுதியிருந்தால் அது அப்படியே நிற்கும், உனக்கு அப்புறம் வருகிறவருக்கும் உதவும்.

போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்பாய். எடு, ஆனால் வரைந்த பிறகு எடு. பாறையில் இருக்கிற கோடு அத்தனையையும் கேமரா ஒன்றுபோலப் பதிவு செய்துவிடும். வரையும்போது நீ ஒவ்வொரு கோட்டையும் விசாரிக்க வேண்டியிருக்கும்: இது படிவு அடுக்கா, பிறகு விழுந்த வெடிப்பா, வெறும் நீர்க்கறையா? உனக்கு வரையத் தெரியாது என்பது தடையே இல்லை. அழகு வேண்டாம். அளவுகோலும் திசையும் குறித்திருந்தால் போதும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று தோன்றினால் வயோன்ட் அணையைப் பற்றி நூலகத்தில் தேடிப் படி. இத்தாலியின் வடக்கே, ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் 260 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டிய அணை. வடிவமைத்த எஞ்சினியர் கார்லோ செமென்சா. அவருடைய மகன் எடோர்டோ செமென்சா ஜியாலஜிஸ்ட். 1959-60இல் மகன் அந்தப் பள்ளத்தாக்கை நடந்து நடந்து வரைபடமாக்கினார். இடது கரையில் டோக் மலைச் சரிவில் நொறுங்கிய பாறை ஒரு பட்டையாக நீண்ட தூரம் போவதைப் பார்த்தார். ஆற்றின் எதிர்க்கரையில் தனியாக நிற்கும் ஒரு குன்று, அந்தக் கரைப் பாறையோடு ஒட்டாமல், டோக் மலையின் பாறையாக இருப்பதைப் பார்த்தார். அப்படியானால் இந்தச் சரிவு வரலாற்றுக்கு முந்தைய காலத்திலேயே ஒருமுறை பெயர்ந்து பள்ளத்தாக்கைக் கடந்து வந்திருக்கிறது, அந்தப் பழைய நிலச்சரிவு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, அணையில் தண்ணீர் ஏறினால் அது மறுபடி நகரக்கூடும் என்று எழுதிக் கொடுத்தார். மூத்தவர்கள் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. மலை உறுதியானது என்ற முடிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. 1960 கடைசியில் சரிவின்மேல் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு விட்டபோதும், நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி அதை மெல்ல நகர வைத்துச் சமாளித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டார்கள்.

1963 அக்டோபர் 9 இரவு சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரே மொத்தமாக நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அணை உடையவில்லை, இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் தண்ணீர் அணையைத் தாண்டி எழும்பிக் கீழே இருந்த லோங்கரோனே ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் அடித்துக்கொண்டு போனது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். கார்லோ அதைப் பார்க்க இல்லை, 1961இலேயே இறந்துவிட்டார். சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே இருந்த மெல்லிய களிமண் படலங்கள் அந்த வழுக்கலில் பெரிய பங்கு வகித்தன என்று பிற்பாடு நடந்த ஆய்வுகள் காட்டின. அந்தப் படலங்களில் சில ஒரு விரல் தடிமன்கூட இல்லாதவை. மகனின் குறிப்புகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். தப்பாகப் பெயர் வைத்ததால் நடந்த விபத்து இல்லை அது. ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியதைவிட மற்றவர்கள் முன்பே நினைத்துக்கொண்டது பெரிதாகிவிட்டது. கோட்டுக்கு இடது பக்கத்தை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று இப்போது புரியும்.

மைக்ராஸ்கோப் வகுப்பு உனக்குப் பயமாக இருக்கிறது என்றாய். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தை ஊடுருவ விட்டுப் பார்ப்பது முதல் தடவையே புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை ஆரம்பித்தபோது, மலைகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதா என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். நீ ஒரு வேலை செய். ஒரே ஸ்லைடு, அதில் ஒரே படிகம், அரை மணி நேரம். குவார்ட்ஸிலேயே தொடங்கு. மேல் போலரைசரை (ஒளியை ஒரே தளத்தில் அதிர விடும் வடிகட்டி) எடுத்துவிட்டுப் பார்த்தால் நிறமே இல்லாமல் சுத்தமாக இருக்கும். பக்கத்தில் ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் அழுக்குப் படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும். மேல் போலரைசரைப் போட்டால் குவார்ட்ஸ் சாம்பலிலிருந்து வெள்ளை வரைக்கும்தான் போகும். மஞ்சள் அதிகமாகவே தெரிந்தால் ஸ்லைடு தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம், முதலில் அதைக் கவனி. ஸ்லைடு வைத்திருக்கும் வட்டத் தட்டை, அதாவது ஸ்டேஜை, ஒரு முழுச் சுற்றுச் சுற்று. நான்கு முறை இருண்டு வெளிச்சமாகும். சில குவார்ட்ஸ் படிகங்கள் மொத்தமாக இருளாது. ஒரு நிழல் இந்த ஓரத்தில் ஏறி அந்த ஓரத்தில் இறங்கும். படிகத்தின் உள் அமைப்பே சற்று வளைந்துவிட்டதால் அப்படி ஆகிறது. அந்தப் பாறையை ஏதோ ஒரு காலத்தில் மலை உருவாக்கிய அழுத்தம் நெரித்திருக்கிறது. நான் மாணவியாக அதை முதலில் பார்த்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. உனக்கும் ஒரு ஸ்லைடு அப்படி வாய்க்கும், அதுவரை விட்டுவிடாதே.

மைக்ராஸ்கோப்பைவிடப் பலரைத் திணறடிப்பது வரைபடம். தட்டையான தாளில் இருக்கும் கோடுகளைப் பார்த்து, பூமிக்குள் அடுக்குகள் எப்படிப் போகின்றன என்று மனதில் கட்ட வேண்டும். இது பிறவியிலேயே வருகிறவர்களும் உண்டு, வராதவர்கள் வரைந்து வரைந்து பழகுவார்கள். இரண்டாவது வகைதான் அதிகம், நானும் அதில்தான். ஒரு அடுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் ஸ்ட்ரைக், டிப் இரண்டையும் சூத்திரமாக மனப்பாடம் செய்யாதே. சாய்ந்த பாறைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்று. தண்ணீர் ஓடுகிற திசைதான் டிப்பின் திசை, அதற்குக் குறுக்கே கிடைமட்டமாகப் போகும் கோடு ஸ்ட்ரைக். ஒரு அடுக்கு பள்ளத்தாக்கைக் கடக்கும்போது வரைபடத்தில் வி வடிவில் வளையும். அடுக்கு ஆறு போகும் திசையில் ஆற்றின் சரிவைவிடச் செங்குத்தாகச் சாய்ந்தால் வியின் முனை ஆறு போகும் பக்கம் நீளும், ஆறு வரும் திசையில் சாய்ந்தால் ஆறு வரும் பக்கம் நீளும். நிமிர்ந்து நிற்கிற அடுக்கு மேடு பள்ளம் எதையும் மதிக்காமல் நேராகப் போகும். களிமண்ணை நிறம் நிறமாக அடுக்கி, சாய்த்து, நடுவில் ஒரு பள்ளம் வெட்டிப் பார். ஹாஸ்டலில் யார் சிரித்தாலும் கவலைப்படாதே, பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். குறுக்குவெட்டு வரையும்போது வெட்டுக்கோடு டிப்பின் திசையிலேயே போகவில்லையென்றால் சாய்வு உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும் என்பதை மறந்துவிடாதே. தேர்வில் மார்க் போவது பெரும்பாலும் அங்கேதான்.

காலம் பற்றி ஒன்று. 'பல மில்லியன் ஆண்டுகள்' என்று வாயளவில் சொல்லிப் பழகிவிட்டால் அந்த எண்ணுக்கு உயிரே போய்விடும். எப்போதும் கணக்குப் போட்டுப் பார். வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் உயர்கிற நிலம் 10 லட்சம் ஆண்டில் 1 கிலோமீட்டர் உயரும், அரிப்பு எதுவும் இல்லை என்றால். கடல் அடியில் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் விலகுகின்றன. அதை வைத்துப் பெருக்கினால் ஒரு பெருங்கடல் திறக்க எத்தனை கோடி ஆண்டு ஆகும் என்று நீயே சொல்லிவிடலாம். ஜேம்ஸ் ஹட்டன் என்ற ஜியாலஜிஸ்ட் 1788இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட்டுக்குப் படகில் போனார். அங்கே ஏறக்குறைய நட்டு வைத்தாற்போல நிற்கும் பழைய அடுக்குகளின் வெட்டுண்ட தலைகள்மேல், லேசாகச் சாய்ந்த செந்நிற மணற்கல் படிந்திருக்கிறது. அவர் கையில் வயது சொல்லும் கருவி எதுவும் இல்லை. கீழ் அடுக்கு கடலடியில் படிய வேண்டும், இறுக வேண்டும், நிமிர வேண்டும், மேலெழுந்து தேய வேண்டும், அதன்மேல் புதியது படிய வேண்டும். இத்தனைக்கும் எவ்வளவு காலம் வேண்டும் என்று யோசித்ததிலேயே பழைய எண்ணங்கள் இடிந்துவிட்டன. கூடப் போன ஜான் பிளேஃபேருக்குத் தலை சுற்றியதாம். அந்த ஒரு கோட்டில் மறைந்திருக்கும் இடைவெளி சுமார் 6 கோடி ஆண்டுக்கும் மேல் என்று இன்று கணக்கிடுகிறார்கள்.

வயதை எண்ணாகச் சொல்ல இயற்பியலும் வேதியியலும் வேண்டியிருந்தன. யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு பிடிக்கும், கடைசியில் ஈயமாகும். அதனால் சேர்ந்திருக்கும் ஈயத்தை அளந்தால் வயது தெரியும். கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்துதான் 1956இல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். சோதனைக்கூடக் காற்றிலிருந்துகூட ஈயம் வந்து கலந்ததால், அந்த அறையைச் சுத்தப்படுத்துவதிலேயே அவருக்கு வருஷக்கணக்கில் போனது. அதனால் கெமிஸ்ட்ரி பிடிக்கிறது என்பதற்காக நீ ஜியாலஜியை விட வேண்டியதில்லை. ஜியோகெமிஸ்ட்ரி, அதாவது பாறைகளின் வேதியியல் என்ற பெரிய வாசலே இங்கே இருக்கிறது. கணக்கையும் புள்ளியியலையும் மட்டும் தள்ளிப் போடாதே. "இது கல்லு படிப்புதானே" என்று கணக்கை விட்டவர்கள் மேற்படிப்பில் அவதிப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் புரோகிராமிங்கும், கம்ப்யூட்டரில் வரைபடம் செய்யும் ஜிஐஎஸ்ஸும் கற்றுக்கொள்.

பெண்கள் இந்தத் துறையில் எப்படி என்று உன் தோழி கேட்டதாகச் சொன்னாயே, அவளிடம் மேரி தார்ப் பற்றிச் சொல். 1950களின் தொடக்கம். ஆராய்ச்சிக் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். ஆண்கள் கடலுக்குப் போய் ஆழம் அளந்து கொண்டுவந்த எண்களை அவர் கரையில் மேசையில் உட்கார்ந்து வரைந்தார். அட்லாண்டிக்கின் நடுவே போகும் மலைத்தொடரின் உச்சியில், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் அதே இடத்தில் ஒரு பள்ளம் விழுவதைக் கண்டார். கடல்தளம் அங்கே பிளந்து விலகுகிறது என்றுதானே அதற்கு அர்த்தம்! கண்டம் நகர்வதைப் பற்றிப் பேசினாலே முகம் சுளித்த காலம் அது. உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதை வெறும் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பக்கத்து மேசையில் வேறொருவர் நிலநடுக்க மையங்களை அதே அளவில் வரைந்துகொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, நிலநடுக்கங்கள் அந்தப் பள்ளத்திலேயே வரிசையாக விழுந்திருந்தன. ஹீசன் ஒப்புக்கொண்டார். தார்ப் கூச்சல் போடவில்லை, வரைந்ததைத் திரும்பவும் சரிபார்த்து அப்படியே வைத்திருந்தார். பார்த்தது அவர் பக்கம் இருந்தது.

இப்போது ஃபீல்டு கேம்ப் விஷயம், பாறைகளை நேரில் பார்க்க நீங்கள் போகிற முகாம். வெளிப்படையாகவே சொல்கிறேன். நாள் முழுக்க வெளியில் இருக்கும்போது பாத்ரூம் போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. தலைவலியும் நீர்க்கடுப்பும் வரும், வெயிலில் மயக்கமும் வரும். காலையில் கிளம்பும்போதே எங்கெங்கே நிறுத்துவோம், எத்தனை மணிக்கு என்று பொறுப்பாளரிடம் கேள். கேட்பது உன் உரிமை, உனக்காக மட்டுமில்லை, கேட்கக் கூச்சப்படும் இன்னும் நாலு பேருக்காகவும். மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதை எப்போதும் பையில் வைத்திரு, பயன்படுத்தியதைக் கட்டிக் கொண்டுவர ஒரு தனிப் பையும். தனியாக மேப் செய்யப் போகிற நாளில் எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. யாராவது பக்கத்தில் இருப்பது உனக்குச் சங்கடமாக இருந்தால் காரணம் யோசித்துக்கொண்டு நிற்காதே, அங்கிருந்து விலகு, உடனே சொல்ல வேண்டியவரிடம் சொல், என்னிடமும் சொல்.

சுத்தியலால் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கவே கூடாது, ஸ்டீல் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். செங்குத்துப் பாறைக்குக் கீழே ஹெல்மெட் இல்லாமல் நிற்காதே, மேலே ஆள் வேலை செய்தால் கீழே யாருமே நிற்கக்கூடாது. கைவிட்ட சுரங்கத்துக்குள் எட்டிப் பார்க்கக்கூடப் போக வேண்டாம். அழகான மடிப்போ புதைபடிவமோ தெரிகிற முகத்தை உடைக்காதே, அடுத்து வருகிற மாணவர்களுக்கும் அது வேண்டும். உதிர்ந்து கிடப்பதில் மாதிரி எடுத்துக்கொள், அது மேலேயிருந்து உருண்டு வந்ததா, அந்த இடத்துப் பாறைதானா என்பதையும் நோட்டில் குறி.

படித்தால் என்ன வேலை என்று எல்லோரும் உன்னைக் கேட்பார்கள். நிலத்தடி நீர், அணை, சுரங்கப்பாதை, பாலத்து அடித்தளம், கனிமம், எண்ணெய், நிலச்சரிவு, நிலநடுக்கம், மாசுபட்ட மண், கழிவைப் புதைக்கும் இடம் என்று வேலை இருக்கத்தான் செய்கிறது. மின்சார வண்டிகளும் மின்கம்பிகளும் பெருகப் பெருகத் தாமிரமும் லித்தியமும் தேடுகிறவர்கள் வேண்டும். எந்த இடத்துக்கும் போக மனசாட்சி ஒப்ப வேண்டும் என்பது உன் கவலை என்றால் அந்தக் கவலை நல்லது, விட்டுவிடாதே. ஆனால் கனிமமே வேண்டாம் என்று சொல்வது சுலபம், எங்கே தோண்டலாம், எங்கே தோண்டவே கூடாது என்று ஆதாரத்தோடு சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஜியாலஜி தெரிந்திருக்க வேண்டும். சில வருஷம் சந்தை சரிந்து வேலை குறையும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் கணக்கையும் கம்ப்யூட்டரையும் கூட வைத்துக்கொள் என்றேன்.

மாறுவதா என்று கேட்டாயே. கெமிஸ்ட்ரி உன்னை நிஜமாகவே இழுத்தால் போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒரு மேசைக் கற்களுக்குப் பெயர் எழுத வரவில்லை என்பதற்காக மட்டும் போகாதே. வரப்போகிற ஃபீல்டு கேம்ப் முடியட்டும். வகுப்பறையில் ஜியாலஜி பிடிக்காமல் இருந்து பாறைமேல் போய் நின்றதும் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அங்கே போயும் பிடிக்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நியாயம்தான். அதற்குள் தினமும் ஒரே ஒரு கல்லை எடுத்துப் பெயர் எழுதாமல் ஐந்து வரி எழுது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறதா, பொடியாக்கிய பிறகுதான் நுரைக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள். முதலாவது கால்சைட் என்ற கனிமமாகவும், இரண்டாவது டோலமைட் என்ற கனிமமாகவும் இருக்கலாம், ஆனால் அதைக் கோட்டுக்கு வலது பக்கம் எழுது.

அந்த நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எந்தக் கல்லையும் என்னிடம் காட்ட வேண்டாம், நீ எழுதியதைப் படித்தே அது என்னவாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குச் சொல்ல முடியவில்லை என்றால் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று இரண்டு பேரும் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அம்மா